நாசாவின் இலவச விண்வெளிச் செய்முறைகள்: 45 நிமிடப் பீரியடில் எது தேறும்?

கலிபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி, சுருக்கமாக ஜே.பி.எல்., நாசாவுக்காக மற்றக் கோள்களுக்கு ஆளில்லா விண்கலங்களை அனுப்பும் மையம். அதன் கல்விப் பிரிவு, பள்ளிகளுக்கான செய்முறைப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. நாசாவின் ராக்கெட் வழிகாட்டியும் நிலவு வழிகாட்டியும் அதேபோல இலவசம்தான். கணக்குத் தொடங்கத் தேவையில்லை. பிடிஎஃப் கோப்பை இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினமாக அறிவிக்கப்பட்ட பிறகு, ஜூலை பிறந்தாலே பள்ளிகளில் "என்ன செய்து காட்டலாம்" என்ற தேடல் தொடங்கிவிடுகிறது. அந்தத் தேடலில் முதலில் கண்ணில் படுவதும் இவைதான்.

இந்த மதிப்பீட்டில் நாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: ஒரு பீரியடுக்குள் மாணவர் முதல் முறை செய்து, அளந்து, மாற்றி, இரண்டாவது முறையும் செய்ய முடிகிறதா? முதல் முறையோடு மணி அடித்துவிட்டால் அது கைவேலை வகுப்பு. பொறியாளர் வேலை தொடங்குவது இரண்டாவது முறையில்தான். இந்தக் கணக்கில் சில செய்முறைகள் நன்றாகத் தேறுகின்றன. சில, படத்தில் பார்க்க அழகாக இருப்பதோடு சரி.

ஜே.பி.எல். பக்கங்களில் பொருள் பட்டியலுக்குக் கீழே வகுப்பை நடத்தும் முறை பற்றித் தனியாக ஒரு பகுதி இருக்கும். பலர் அதைத் தாண்டிச் செய்முறைக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் சரக்கு இருப்பது அங்கேதான். குறையும் சொல்ல வேண்டும். தமிழில் எதுவும் இல்லை. 40 பேருக்கு மேல் உட்காரும் வகுப்பை நினைத்தும் எழுதப்படவில்லை. 2 முதல் 4 பேர் கொண்ட குழு என்பதை நம் வகுப்பில் 5 பேர் என்று வைத்துக்கொள்ளலாம்: இருவர் கட்ட, ஒருவர் பொருள் வாங்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத. ஆறாவது ஆள் சேர்ந்தால் அவர் கட்டாயம் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அச்சடிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. அந்த வார்ப்புருக்கள் எல்லாம் அமெரிக்க லெட்டர் தாளுக்கு, அதாவது 216 × 279 மி.மீ. அளவுக்குப் போடப்பட்டவை. நம் ஏ4 தாள் 210 × 297 மி.மீ. ஜெராக்ஸ் கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று விட்டுவிட்டால் எல்லாம் சுமார் 3 சதவீதம் சுருங்கும். ராக்கெட் இறக்கைக்கு இது பெரிதல்ல. அளவுகோலோ, அளவுப்படம் போட்ட தாளோ இருந்தால் அளவு மொத்தமும் தப்பாகும். 100 சதவீதம் என்று சொல்லி அச்சடிக்க வேண்டும்.

தரையிறங்கு கலம்: இருப்பதிலேயே சிறந்தது

"டச்டவுன்" என்ற பெயரில் வரும் செய்முறை இது. ஒரு கெட்டி அட்டை (சுமார் 10 × 13 செ.மீ.), ஒரு சின்ன கப், 3 இன்டெக்ஸ் கார்டு, 8 ஸ்ட்ரா, 3 ரப்பர் பேண்ட், டேப், கத்தரிக்கோல், 10 குட்டி மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற மிட்டாய்). கப்பை அட்டையின் நடுவில் ஒட்டி, அதில் 2 பெரிய மார்ஷ்மெல்லோக்களை விண்வெளி வீரர்களாக உட்கார வைக்க வேண்டும். கப்புக்கு மூடி போடக் கூடாது. 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் கலம் கவிழவும் கூடாது, வீரர்கள் வெளியே குதிக்கவும் கூடாது.

நம் ஊரில் இதில் பாதிப் பொருள் கிடைக்காது. பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. காகித ஸ்ட்ரா வளைந்தால் மடங்கிவிடும், திரும்ப நிமிராது. தென்னை ஈர்க்குச்சி அதைவிட மேல். வளையும், நிமிரும், காசும் இல்லை. கப்புக்குத் தீப்பெட்டியின் உள்பெட்டி போதும். மார்ஷ்மெல்லோவுக்குப் பதில் கோலிக்குண்டு: சாதாரண 16 மி.மீ. கோலி 5 கிராமுக்குச் சற்று மேல், பெரிய மார்ஷ்மெல்லோ சுமார் 7 கிராம், அதனால் எடை கிட்டத்தட்ட ஒத்துப்போகும். கோலி உருளும் என்பதால் சோதனை கொஞ்சம் கடினமாகும்; அதனால் கெடுதல் இல்லை. கடலை உருண்டையையும் சிலர் பயன்படுத்துவதுண்டு. அதில் வீரர்கள் தரையிறங்குவதற்கு முன்பே காணாமல் போவார்கள்.

டேப்பை அளந்து கொடுங்கள். குழுவுக்கு 1 மீட்டர், அதற்கு மேல் கேட்டால் இல்லை. அளவில்லாமல் கொடுத்தால் எல்லாக் குழுவும் டேப் உருண்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வரும். அது உடையாது, ஆனால் அதிர்ச்சி முழுவதையும் அப்படியே கப்புக்குக் கடத்தும்.

தோல்விகள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, கலம் கவிழ்வது. கால்களின் பரப்பைவிடக் கலத்தின் உயரம் அதிகமாக இருக்கும். கால்களைச் சாய்த்து அகலப்படுத்தச் சொல்ல வேண்டும். இரண்டு, கால்கள் வழுக்கி விரிவது. மொசைக் தரையில் இது நிச்சயம். கால் நுனிக்கு அட்டைத் துண்டில் பாதம் ஒட்டலாம், அல்லது ஜமக்காளம் விரித்து அதில் விடலாம். இரண்டு தரையிலும் விட்டுப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. மூன்று, விடும் கையிலேயே கலம் சாய்வது. உள்ளங்கையில் வைத்துக் கையை இழுப்பவர்களுக்கு இது நடக்கும். அட்டையின் எதிரெதிர் ஓரங்களை இரண்டு கையின் விரல் நுனியால் பிடித்து, ஒரே நேரத்தில் விட வேண்டும்.

இந்தச் செய்முறையின் உண்மையான மதிப்பு அந்த 30 செ.மீ.யில் இருக்கிறது. வழிகாட்டி அதை ஒரு உயரமாக மட்டும் விட்டுவிடுகிறது. 30 செ.மீ. விழும் பொருள் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 2.4 மீட்டர். சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் 2019-ல் நிலவில் மோதிய பிறகு, சந்திரயான்-3இன் கால்கள் பலப்படுத்தப்பட்டன. தாங்கக்கூடிய இறங்கு வேகம் விநாடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 மீட்டராக உயர்த்தப்பட்டதாக அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சொன்னார். வகுப்பறையில் 2 மீட்டர் வேகத்துக்கு 20 செ.மீ. உயரம், 3 மீட்டர் வேகத்துக்கு 46 செ.மீ. உயரம். சுவரில் சாக்பீஸால் இந்த இரண்டு கோட்டையும் போட்டு வைத்தால், முதல் முறை 20-ல் பிழைத்த கலத்தை 46-க்குத் தயார் செய்வதே இரண்டாவது முறையின் வேலையாகிவிடும். நிலவில் ஈர்ப்பு குறைவு. அதே 3 மீட்டர் வேகத்தை எட்ட அங்கே சுமார் 2.8 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். 9ஆம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் இதைத் தாங்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஒரு இடத்தில் வழிகாட்டியோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இன்டெக்ஸ் கார்டை விசிறி மடிப்பாக மடித்து ஸ்பிரிங் செய்யும் யோசனையை அது முன்னால் வைக்கிறது. மாணவர்களும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். கோலி கப்பைவிட்டுப் பறப்பது அந்தத் துள்ளலில்தான். அப்பல்லோ நிலவுக் கலத்தின் கால்களுக்குள் இருந்தது ஸ்பிரிங் கிடையாது, நசுங்கி அப்படியே நின்றுவிடும் அலுமினியத் தேன்கூடு. 2014 நவம்பரில் 67பி வால்மீனில் இறங்கிய ஃபிலே கலம், தரையைப் பற்றிக்கொள்ளும் ஈட்டிகள் வேலை செய்யாததால் துள்ளிப் போய் வேறெங்கோ விழுந்தது. இதைச் சொல்லிவிட்டு, தளர்வாகக் கசக்கிய நோட்டுத்தாள் உருண்டைகளைக் காலுக்கும் அட்டைக்கும் இடையில் வைக்கச் சொல்லுங்கள். துள்ளல் குறைவது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு முறைக்கும் புது உருண்டை வேண்டும். ஒருமுறை நசுங்கியது அடுத்த முறை உதவாது, நிஜத்திலும் அப்படித்தான்.

மிதி ராக்கெட்: கூட்டம் சேரும், பைப் கடையில் கவனம்

2 லிட்டர் குளிர்பான பாட்டிலை பி.வி.சி. குழாயோடு இணைத்து, குழாயின் மறுமுனையில் காகித ராக்கெட்டைச் செருகி, பாட்டிலை மிதித்தால் ராக்கெட் பறக்கும். மாணவர் கூட்டத்தை மைதானத்துக்கு இழுக்க இதற்கு நிகர் இல்லை.

வழிகாட்டி "அரை இஞ்ச் குழாய்" என்கிறது. ஹார்டுவேர் கடையில் அப்படிக் கேட்டால் மூன்று விதமாகக் கிடைக்கும்: வெள்ளை யுபிவிசி குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., வெந்நீருக்குப் போடும் பழுப்பு வெள்ளை சிபிவிசி 15.9 மி.மீ., 20 மி.மீ. என்று விற்கும் விவசாய பைப்போ ஒயரிங் பைப்போ 20 மி.மீ. மூன்றும் வேலை செய்யும். ஆனால் ராக்கெட் சுருட்டும் அச்சுக் குழாயும் ஏவும் குழாயும் ஒரே துண்டிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும். 20-ல் சுருட்டி 21.3-ல் செருகப் பார்த்தால் நுழையாது. 21.3-ல் சுருட்டி 15.9-ல் ஏவினால் காற்று பக்கவாட்டில் ஓடி, ராக்கெட் ஒரு குதி குதித்து விழும். வெள்ளை யுபிவிசி குளிர்பான பாட்டிலின் கழுத்துக்குள் இறுக்கமாகவே போகும். மெலிந்தது என்றால் பைப்பின் மேல் டேப் சுற்றித் தடிமனாக்கிச் செருகி, வெளியேயும் சுற்ற வேண்டும்.

முழங்கை, டீ இணைப்புகளுக்கு சொல்யூஷன் போடாதீர்கள். அழுத்திச் செருகினாலே போதும். கழற்றிப் பையில் போட்டு அடுத்த வகுப்புக்கு எடுத்துப் போகலாம். அடிக்கட்டையில் இரண்டு செங்கல் வைக்காவிட்டால், மிதிக்கும்போது குழாய் திரும்பி ராக்கெட் கூட்டத்தின் பக்கம் போகும். தண்ணீர் பாட்டில் உதவாது, மெல்லியது, சீக்கிரம் கிழிந்துவிடும். குளிர்பான பாட்டிலிலும் லேபிள் ஒட்டிய நடுப்பகுதியில்தான் மிதிக்க வேண்டும். அடிப்பகுதியில் மிதித்தால் விரிசல் விடும். ஒரு வகுப்புக்கு நாலைந்து பாட்டில் உபரியாக இருக்கட்டும். மீண்டும் காற்று நிரப்ப, குழாய் முனையைச் சுற்றிக் கையைக் குவித்துப் பிடித்து, கை வழியாக ஊத வேண்டும்; வாய் குழாயில் படக் கூடாது. ராக்கெட் செருகிய குழாயின் நேர்மேலே யாரும் குனிந்து பார்க்கக் கூடாது என்பதை மிதிப்பவரே ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லிவிட்டு மிதிக்கட்டும்.

ராக்கெட் சரியாகப் பறக்காததற்கு முதல் காரணம் மூக்கில் காற்றுக் கசிவு. கூம்பை ஒட்டிய பிறகு, ராக்கெட்டின் அடியில் வாய் வைத்து ஊதி, அதன் மூக்கருகே கையை வைத்தால் கசிவு தெரிந்துவிடும். அடுத்த காரணம், இறக்கைகளை நடுவிலோ முன்னாலோ ஒட்டுவது. இறக்கை பின்னால் இருக்க வேண்டும், எடை முன்னால். ராக்கெட் சுழன்று விழுந்தால் மூக்குக்குள் கொஞ்சம் களிமண் வைத்து மறுபடி விடச் சொல்லுங்கள்.

இதன் பெரிய பலவீனம், மிதிக்கும் கால். ஆறாம் வகுப்பு மாணவியும் பத்தாம் வகுப்பு மாணவனும் மிதிப்பது ஒன்றாகாது. அதனால் "நீள ராக்கெட் அதிகம் போகிறதா, குட்டை ராக்கெட்டா" என்ற கேள்விக்கு வரும் விடை ராக்கெட்டைப் பற்றியதாக இராது. கால் வேண்டாம், கட்டிய புத்தகக் கட்டு ஒன்றை ஒரே உயரத்திலிருந்து பாட்டில் மேல் விட்டால் ஒப்பிட முடியும். பறக்கும் தூரம் குறையும், கூச்சலும் குறையும். ஆனால் அளவு நம்பும்படி இருக்கும்.

உயரம் அளக்க, பாகைமானியில் நூலும் சிறு கல்லும் கட்டிய கோணமானியை வழிகாட்டி தருகிறது. தூரத்தை கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கி, பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்ட வேண்டும். பிழை எங்கே வருகிறது என்றால், எல்லோரும் ராக்கெட்டுக்கு மிக அருகில் நின்றுவிடுகிறார்கள். 10 மீட்டர் தள்ளி நின்று 75 பாகை பார்த்தால் 37 மீட்டர், 80 பாகை பார்த்தால் 57 மீட்டர். 5 பாகைத் தவறில் 20 மீட்டர் போய்விடுகிறது. 30 மீட்டர் தள்ளி நின்றால், அதே 37 மீட்டருக்கு 51 பாகைதான் வரும். 5 பாகை தவறினாலும் பிழை 7, 8 மீட்டரோடு நிற்கும். காற்று அடித்தால் ஏவுதளத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திச் சராசரி எடுக்கலாம்.

ஸ்ட்ரா ராக்கெட்

மைதானம் இல்லாத பள்ளிக்கு இது. பென்சிலைச் சுற்றிக் காகிதக் குழல் சுருட்டி, நுனியை முறுக்கி டேப் ஒட்டி, இறக்கை வைத்து, ஸ்ட்ராவில் செருகி ஊதுவது. 20 நிமிடத்தில் முதல் ராக்கெட் பறந்துவிடும் என்பதால் இரண்டாவதற்குத் தாராளமாக நேரம் உண்டு. பென்சில் தடிமன் சுமார் 7 மி.மீ.; 6 மி.மீ. ஸ்ட்ரா சரியாக இருக்கும், 8 மி.மீ. என்றால் நுழையாது. அப்போது ஸ்ட்ராவின் மேலேயே தளர்வாகச் சுருட்ட வேண்டும். காகித ஸ்ட்ரா நாலைந்து ஊதலில் எச்சிலில் ஊறிவிடும். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் கூடு அதைவிட நீடிக்கும். சில கூடுகளின் பக்கத்தில் சிறு துளை இருக்கும், டேப்பால் அடைக்க வேண்டும். ஒருவர் ஊதியதை இன்னொருவர் ஊதக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதியைப் புரியவைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

நிலவுப் பள்ளங்கள்: நம் ஊர்ப் பொருளில் இன்னும் நன்றாக வரும்

தட்டில் மாவு, அதன் மேல் வேறு நிறத்தில் மெல்லிய தூவல், மேலிருந்து கோலி. நாசாவின் நிலவு வழிகாட்டி 30, 60, 90 செ.மீ., பிறகு 2 மீட்டர் உயரம் சொல்கிறது. மோதும் வேகம் முறையே விநாடிக்கு 2.4, 3.4, 4.2, 6.3 மீட்டர். அடியில் மைதா, மேலே கலர் கோலப்பொடி என்று போட்டால் படு பிரமாதம். கோலி விழுந்ததும் அடியிலுள்ள வெள்ளை, கோடு கோடாக வெளியே சிதறும். பௌர்ணமி அன்று நிலவின் டைக்கோ பள்ளத்தைச் சுற்றி பைனாகுலரில் தெரியும் கதிர்கள் இப்படி வந்தவைதான் என்று அங்கேயே காட்டலாம். ரவை வேண்டாம், பள்ளத்தின் ஓரம் சரிந்து மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் மைதா கட்டி பிடிக்கும், சலித்துப் போடுங்கள். கல்மாவுக் கோலப்பொடியை அடித்தளமாக நிரப்பாதீர்கள், தூசி மூச்சில் ஏறும். மேலே ஒரு தூவல் போதும்.

மாவின் ஆழம் 2.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. "டங்" என்று சத்தம் கேட்டால் கோலி தட்டைத் தொட்டுவிட்டது, அந்த ஆழ அளவு செல்லாது. கோலியைக் கையால் எடுத்தால் பள்ளம் சிதையும். பேரிங் கடையில் கிடைக்கும் இரும்புக் குண்டாக இருந்தால் காந்தத்தால் மேலே தூக்கிவிடலாம். கோலி அளவிலேயே இரும்புக் குண்டு வாங்கினால், எடை சுமார் 3 மடங்கு. அளவு மாறாமல் எடை மட்டும் மாறும் ஒப்பீடு இனாமாகக் கிடைக்கிறது.

சாய்வாக எறிந்தால் நீளமான பள்ளம் வரும், மாணவர்கள் உடனே கேட்பார்கள்: நிலவில் எல்லாம் ஏன் வட்டமாக இருக்கின்றன? விண்கல் விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் அது உள்ளே போய் வெடித்துச் சிதறுவதால், வந்த திசை பள்ளத்தில் அனேகமாகத் தெரியாது. தட்டில் நடப்பது வெறும் தள்ளல். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் செய்முறை தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியின் படத்தைக் காட்டலாம், சுமார் 1.8 கி.மீ. அகலம், கிட்டத்தட்ட முழு வட்டம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால், அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் தயாரித்தது. அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு இது பாடப் புத்தகத்தைத் தாண்டிய செய்தி.

மணிக் கோவையும் நுரை ராக்கெட்டும்

சூரியக் குடும்ப மணிக் கோவையில் பூமி–சூரியன் தூரத்தை 10 செ.மீ. என்று வைத்து நூலில் மணி கட்ட வேண்டும்: புதன் 4, வெள்ளி 7, பூமி 10, செவ்வாய் 15, வியாழன் 52, நெப்டியூன் 301 செ.மீ. தூரம் சரி. மணியின் அளவு முழுப் பொய்: இந்த அளவில் சூரியனே 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, பூமி கண்ணுக்கே தெரியாது. இதைச் சொல்லிவிட்டுச் செய்யலாம். இரண்டாவது முறை என்று ஒன்று இல்லாததால் எங்கள் பட்டியலில் கீழே இருக்கிறது. அதற்குப் பதில் 20 செ.மீ. பலூனை பூமியாகவும் 5.5 செ.மீ. பந்தை நிலவாகவும் கொடுத்து, எவ்வளவு தள்ளி வைப்பது என்று கேளுங்கள். பெரும்பாலோர் கை நீளத்துக்குள் வைப்பார்கள். சரியான தூரம் 6 மீட்டர், ஏறக்குறைய வகுப்பின் மறுசுவர். சர்வதேச விண்வெளி நிலையம் அந்தப் பலூனிலிருந்து வெறும் 6 மி.மீ. உயரத்தில் பறக்கும்.

நுரை மாத்திரை ராக்கெட்டுக்கு ஃபிலிம் டப்பா கேட்கிறார்கள். ஃபிலிமே போன பிறகு டப்பாவுக்கு எங்கே போவது? வெளியே திருகும் மூடி உதவாது. உள்ளே அழுந்திச் சேரும் மூடி உள்ள சின்ன டப்பா வேண்டும். மாத்திரைக்குப் பதில் ஈனோ போட்டால், தூள் என்பதால் மூடுவதற்குள் பொங்கிவிடும். அரைத் தேக்கரண்டியை டிஷ்யூ காகிதத்தில் பொட்டலமாக மடித்து, டப்பாவில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, பொட்டலத்தைப் போட்டு மூடி, தலைகீழாக வைத்துவிட்டு 3 மீட்டராவது விலக வேண்டும். வெடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடமாவது காத்திருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் மூடியின் ஓரத்தில் டிஷ்யூ நுனி சிக்கி வாயு கசிந்திருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் செய்யவே கூடாது, வகுப்பறைக்குள்ளும் வேண்டாம்.